அழ வை என்று கேட்டேன்

உங்கள் எல்லோருக்கும் என் சலாம், பிள்ளைகளே.

என் மகன் பிறந்தபோது அழவில்லை. கையைக் காலை உதைக்கவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. நாவல்பழக் கறை படிந்த துணி மாதிரி இருந்தது அவன் உடம்பு. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் கேள்வி கேட்டார்கள், அதற்கும் பதில் சொல்லவில்லை. வாயை நானேதான் மூடி வைத்திருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன், அதற்கு அப்புறம் அல்லாஹ் எனக்கு என்ன செய்தான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஸமீராவின் அத்தா. உங்களோடு மதரஸாவில் ஓதுகிறாளே, முன்பல் இரண்டு விழுந்த ஸமீரா, அவள்தான். நான் எட்டாவது வரை படித்தவன். ஏ.சி. ரிப்பேர் வேலை. உங்கள் உஸ்தாத் ஆண்டு மலருக்காக என்னிடம், "பிள்ளைங்களுக்குப் புரியிற மாதிரி, உங்க துஆ கபூலான, அல்லாஹ்கிட்ட கேட்டது கெடச்ச ஒரு விஷயத்தை எழுதிக் குடுங்க பாய்" என்றார். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. எழுத்தில் தப்பிருந்தால் மன்னியுங்கள்.

பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்வோம். தொழுகைக்குக் கூப்பிடுகிற அதே வார்த்தைகள். உங்கள் காதிலும் யாரோ சொல்லியிருப்பார்கள், வீட்டில் கேட்டுப் பாருங்கள். அது நல்ல வழக்கம். ஆனால் எங்கள் குடும்பத்தில் அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை வெளியே வந்த நொடியிலிருந்து பாங்கு சொல்லி முடிக்கிற வரை அங்கே இருக்கிற யாரும் பேசக் கூடாது. தாய் பேசக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவர்கள் பேசக் கூடாது. பிள்ளையின் காதில் முதலில் விழுகிற மனிதக் குரல் பாங்காகத்தான் இருக்க வேண்டும். மீறினால் அந்தப் பிள்ளை தங்காது என்பார்கள்.

அதற்குச் சாட்சியாக ஒரு கதையும் சொல்வார்கள். எங்கள் பெரியத்தாவுக்கு, என் அத்தாவின் அண்ணனுக்கு, இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, பிரசவத்துக்கு உதவ வந்த பக்கத்து வீட்டம்மா பாங்குக்கு முன்னாலேயே வாய்விட்டுக் கத்திவிட்டாராம். அந்தப் பிள்ளை அன்று சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குள் மவுத்தாகிவிட்டது. இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். தொழுகையை விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவோடு சரி என்று பல வருடம் இருந்திருக்கிறேன். ஆனால் இந்த வழக்கத்தை மட்டும் மார்க்கத்தைவிடப் பெரிதாக நம்பினேன்.

போன வருடம் மழைக்காலம். ஒரு வியாழக்கிழமை. என் மனைவி ஆயிஷாவுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பதினாலாவது மாடி, ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இடுப்பில் கயிறு கட்டியிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கடல் பக்கத்து வானம் முழுக்கக் கறுப்பு. பகலிலேயே கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. போன் அடித்தது. ஆயிஷாவின் அக்கா மைமூன்.

"தம்பி, உடனே கெளம்பி வாங்க. பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு."

"எப்பக்கா?"

"கொஞ்ச நேரம் ஆச்சு. வலி இன்னும் வரல, பயப்படாதீங்க. வண்டிய மெதுவா ஓட்டிட்டு வாங்க, இன்ஷா அல்லாஹ்."

பயப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் வரும். அனகாபுத்தூர் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும், எதிரே ஒரு பைக் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அக்கா கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது வாசல்படியில் ஒரு வாளி. அதில் படுக்கை விரிப்பை ஊறப்போட்டிருந்தார்கள். தண்ணீர் பச்சையாக இருந்தது. கீரை கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல் பச்சை. சாயம் போகிற துணி போலிருக்கிறது என்று நினைத்து, வழியில் இடறாமல் காலால் தள்ளி வைத்தேன். அந்த விரிப்பு வெள்ளை விரிப்பு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

ஆயிஷாவுக்கு அதற்குள் வலி வந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் பக்கத்து வீட்டுச் சேகரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். தூறல் விழுந்தது. மைமூன் அக்கா ஒரு குடையை ஆயிஷாவின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். குடை என் தலையில்தான் இடித்துக்கொண்டே வந்தது.

ஆம்புலன்ஸில் கஸ்தூரி என்று ஒரு சிஸ்டர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், கையில் ரப்பர் உறை. ஆயிஷாவைப் படுக்கவைத்து ஒரு பார்வை பார்த்ததும் டிரைவரிடம் கத்தினார்.

"அண்ணா, தாம்பரம் வரிக்கும்லாம் தாங்காது. கிட்ட இன்னா ஆஸ்பத்திரி கீதோ அங்க வுடு."

"வுடுறேன் கஸ்தூரி. ரோட்ட தோண்டி வச்சிகினு கீறானுங்க, நான் இன்னா பறந்தா போறது?"

பம்மல் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் ஒரு லாரியின் பின்சக்கரம் இறங்கியிருந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். சைரன் அலறியது. மழை தகரக் கூரையில் ஆணி கொட்டுவது மாதிரி கொட்டியது. உள்ளே பகல் போலவே இல்லை. டிரைவர் அண்ணன் இறங்கி மழையில் ஓடி, வண்டிகளை ஒதுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். வண்டிக்குள் நாங்கள் நான்கு பேர். ஐந்தாவது ஆள் வந்துகொண்டிருந்தான்.

நான் ஆயிஷாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தேன். மைமூன் அக்கா கால்மாட்டில். "அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவ முக்குங்க, அவ்ளோதான், என் ராஜாத்தி இல்ல" என்றார் கஸ்தூரி சிஸ்டர். ஆயிஷா என் கையை எலும்பு நொறுங்குவது போலப் பிடித்தாள். அப்புறம் பிடி தளர்ந்தது. பிறந்துவிட்டான்.

சிஸ்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நாப்பத்தி மூணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சிஸ்டருக்கு எங்கள் வழக்கம் தெரியாது, எங்கள் வாயாவது மூடியிருக்கட்டும் என்று நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். மைமூன் அக்காவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் எங்கள் குடும்ப வழக்கம் தெரிந்தவர். பிள்ளையைத் துடைத்து என் கையில் தருவார்கள், மக்கா இருக்கிற கிப்லா பக்கம் திரும்பிப் பாங்கு சொல்ல வேண்டும் என்று தயாராக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிஸ்டர் தரவில்லை. துணியால் அவனைத் துடைத்தார். முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். திரும்பவும் சுண்டினார். அவன் கை, துணியை விட்டு வெளியே நழுவித் தொங்கியது. அது தொங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என்ன நினைத்தேன் தெரியுமா, பிள்ளைகளே? பாங்குக்காகக் காத்திருக்கிறான், அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

"தண்ணி எப்ப ஒடஞ்சிது? இன்னா கலரு?" என்று சிஸ்டர் கேட்டார்.

நாங்கள் பேசவில்லை.

ஒரு சின்ன முகமூடியை அவன் மூக்கிலும் வாயிலும் வைத்து, அதோடு இருந்த ரப்பர் பையை அமுக்கினார். அமுக்கிவிட்டு நெஞ்சைப் பார்த்தார். நெஞ்சு எழும்பவில்லை. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்து மறுபடியும் அமுக்கினார். எழும்பவில்லை.

"ஏம்மா, பாய், கேக்குறேன்ல? தண்ணி தெளிவா இருந்துச்சா, பச்சையா இருந்துச்சா?"

எனக்கு வாளி கண் முன்னால் வந்தது. பதில் நாக்கின் நுனியில் இருந்தது. பெரியத்தா வீட்டுப் பிள்ளையும் கண் முன்னால் வந்தது. நான் வாயைத் திறந்தால் என் பிள்ளை போய்விடும் என்று நினைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் உப்புக் கரித்தது.

அப்போது ஆயிஷா தலையைத் தூக்கினாள். "என்னங்க, ஏன் சத்தமே இல்ல? ஏன் அழ மாட்டேங்குது?" என்றாள். மைமூன் அக்கா எட்டி வந்து தன் கையால் ஆயிஷாவின் வாயைப் பொத்தினார். பெற்றவளின் வாயைப் பொத்தினார், பிள்ளைகளே. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஒரு நிமிசம். ஸ்கோர் ஒன்னு" என்றார் சிஸ்டர், கடிகாரத்தைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த மாதிரி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. "யோவ், வாய்ல இன்னா கொழுக்கட்டையா? இங்க ஒரு உசுரு போய்கினு கீது, மூணு பேரும் பேசா மடந்த ஆட்றீங்களா?"

உசுரு போய்கினு கீது. அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குள் ஏதோ அறுந்தது. போய்க்கொண்டிருக்கிற உயிரை நான் வாயை மூடிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேனாம்.

"பச்சை" என்று கத்தினேன். "பச்சையா, கலங்கலா இருந்துச்சு சிஸ்டர். வாளில பாத்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

மைமூன் அக்கா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். சிஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. முகமூடியை எடுத்தார். பிள்ளையின் வாயைத் திறந்து ஒரு மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சினார். கரும்பச்சையில் கெட்டியாக ஒன்று குழாயில் ஏறி வந்தது. வயிற்றுக்குள்ளேயே பிள்ளை மலம் கழித்திருக்கிறது, அது கலந்த தண்ணீர் தொண்டையை அடைத்திருக்கிறது. திரும்ப முகமூடியை வைத்துப் பையை அமுக்கினார். இந்தத் தடவை அந்தச் சின்ன நெஞ்சு எழும்பியது. அது மூச்சு இல்லை. சிஸ்டர் அமுக்குவதால் எழும்புகிற நெஞ்சு.

"பாய், இப்ப பேசக் கத்துகினல்ல? அந்தக் கடியாரத்தப் பாரு. முப்பது செகண்டுக்கு ஒரு வாட்டி சத்தமா சொல்லு. என்னால கண்ண எடுக்க முடியாது."

"சரி சிஸ்டர்."

"உங்க சாமிய கூப்புடு. நான் எங்க மாரியாத்தாள கூப்புட்டுகினுதான் கீறேன். ஆனா டைம மட்டும் வுட்றாத."

அவர் ஒன்று என்று சொன்னாரே, அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் அவரே விளக்கினார். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்ததும் ஒரு நிமிடத்தில் ஐந்து விஷயம் பார்ப்பார்களாம். நிறம் எப்படி இருக்கிறது. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது. சீண்டினால் முகத்தைச் சுளிக்கிறதா. கை காலை மடக்கி அசைக்கிறதா. மூச்சு விட்டு அழுகிறதா. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். நன்றாக இருந்தால் இரண்டு, சுமாராக இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் முட்டை. மொத்தம் பத்து. ஐந்தாவது நிமிடத்தில் திரும்பவும் பார்ப்பார்கள். போதவில்லையென்றால் பத்தாவது நிமிடத்தில் இன்னொரு தடவை. மார்க் போடும்வரை சிகிச்சை காத்திருக்காது, அது பாட்டுக்கு நடக்கும். பிள்ளை தேறுகிறதா, போகிறதா என்று அந்த மார்க்கில் தெரியும். நீங்கள் எல்லோரும் எழுதின முதல் பரீட்சை அதுதான். அதில் வாய்விட்டுக் கத்தி அழுகிற பிள்ளைக்குத்தான் நல்ல மார்க்.

என் மகனுக்குக் கிடைத்த அந்த ஒன்று இதயத்துக்கு. மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. மற்ற நான்கும் முட்டை.

"முப்பது" என்றேன். சிஸ்டர் அமுக்கிக்கொண்டே தொப்புள்கொடியின் அடியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்.

"முப்பது." மறுபடியும் விரலை வைத்தார்.

பிள்ளைகளே, எனக்குத் துஆ கேட்கத் தெரியாமல் போய்விட்டது. மனப்பாடமாக இருந்த அரபு வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. கையேந்த முடியாது, ஒரு கையில் ஆயிஷாவின் கை. கண்ணை மூட முடியாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். எனக்குள்ளே தமிழில்தான் கேட்டேன். யா அல்லாஹ், அவனை அழ வை. அவ்வளவுதான் கேட்டேன். அவனை டாக்டராக்கு, ஆலிமாக்கு என்றெல்லாம் கேட்கவில்லை. உலகத்தில் எந்தத் தகப்பனும் தன் பிள்ளை அழக் கூடாது என்றுதான் கேட்பான். நான் அழ வை என்று கேட்டேன். நான் செய்த பாவத்துக்கு என்னை அழ வை, அதுவும் பரவாயில்லை, ஆனால் முதலில் அவனை அழ வை. எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. நடுநடுவே முப்பது, முப்பது என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நிமிடம் தாண்டும்போது சிஸ்டர், "துடிப்பு ஏறுது" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. நான்காவது நிமிடத்தில் அவன் ஒரு தடவை வாயைப் பிளந்தான். கரையில் போட்ட மீன் பிளக்குமே, அப்படி. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு தடவை.

"அஞ்சு நிமிசம்" என்றேன்.

"ஸ்கோர் அஞ்சு. பத்தாது. வா கண்ணு, வா, வா. எங்க போற நீ?"

வெளியே டிரைவர் அண்ணன் கதவைத் தட்டினார். "கஸ்தூரி, வழி வுட்டுட்டானுங்க. எடுக்கவா?"

"எடுணா. ஆனா குலுக்காம எடு. குலுக்கின, அப்புறம் உன்கிட்ட பேசமாட்டேன்."

வண்டி நகர்ந்தது. சிஸ்டர் முட்டி போட்டபடியே அமுக்கினார். நான் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்து விழாமல் தாங்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழாவது நிமிடம் முடிகிற நேரம். முதலில் வண்டியின் பிரேக் சத்தம் என்று நினைத்தேன். வண்டி பிரேக் போடவில்லை. மெலிசாக, பூனைக்குட்டி சாக்குக்குள்ளிருந்து கத்துவது போல ஒரு சத்தம். நின்றுவிட்டது. திரும்ப வந்தது. கொஞ்சம் பெரிதாக.

ஆயிஷா எழுந்து உட்காரப் பார்த்தாள். "அழறான்" என்றாள். "என்னங்க, அழறான்."

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. பத்தாவது நிமிடம் சொன்னபோது சிஸ்டர், "எட்டு" என்றார். சொல்லிவிட்டு முகத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டார். குங்குமம் கன்னமெல்லாம் இழுகிவிட்டது.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தச் சீட்டை வாங்கிப் படித்தார். ஒன்று, ஐந்து, எட்டு. முகம் மாறவில்லை. "எட்டு வந்தது நல்லதுதான். ஆனா மூளைக்கு எவ்ளோ நேரம் ஆக்ஸிஜன் கொறஞ்சிருக்குன்னு இந்த நம்பர் மட்டும் சொல்லாது. மூணு நாள் தாண்டட்டும். ஃபிட்ஸ் வராம இருக்கணும்" என்றார்.

அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நான் மாடிப்படியின் ஓரத்தில் துண்டை விரித்துத் தொழுதேன். வாட்ச்மேன் வந்து, "பாய், சாமி கும்புடுறத வேணாங்கல, கொஞ்சம் தள்ளி கும்புடுங்க, ஸ்ட்ரெச்சர் வரும்" என்றார். தள்ளி விரித்துக்கொண்டேன். சுஜூதில் தரையில் தலையை வைத்தால் தூக்கத் தோன்றவில்லை. இரண்டாம் நாள் மதியம் அவன் உதடும் இடது காலும் துடித்தன. நர்ஸ் ஓடினார். திரையை இழுத்துவிட்டார்கள். அந்தத் திரைக்கு வெளியே நான் நின்ற நேரத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. மருந்து கொடுத்தார்கள். நின்றது. மூன்றாம் நாள் வலிப்பு வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை.

நான்காம் நாள்தான் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி என்னை உள்ளே விட்டார்கள். பாங்கு சொல்லலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். "சொல்லுங்க சார். சத்தமா வேணாம், பக்கத்துப் பாப்பா இப்பதான் தூங்குது" என்றார். அவன் வலது காதில் மெதுவாகச் சொன்னேன். அவன் காதில் விழுந்த முதல் மனிதக் குரல் அது இல்லை. அதற்கு முன்னால் எவ்வளவோ கேட்டுவிட்டான். அவன் அம்மா பதறியதை, ஓர் அக்கா கோபத்தில் திட்டியதை, அவன் அத்தா முப்பது, முப்பது என்று கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டான். ஆனாலும் தங்கினான். யஹ்யா என்று பெயர் வைத்தோம்.

வீடு திரும்பியதும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், பாங்குக்கு முன்னால் பேசிவிட்டேன் என்றேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "மார்க்கத்துல அப்படி ஒரு சட்டமே இல்லையே. யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார். யார் சொன்னார்கள் என்று எனக்கே தெரியவில்லை. யாரோ சொன்னதை யாரோ சொல்லி, எங்களிடம் வந்திருக்கிறது.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. பெரியத்தா வீட்டில் அந்தப் பக்கத்து வீட்டம்மா ஏன் கத்தியிருப்பார்? சும்மா இருக்கிற ஒருவர் ஏன் கத்தப் போகிறார்? பிள்ளையிடம் எதையோ பார்த்துவிட்டுத்தான் கத்தியிருப்பார். அந்த வீட்டில் வாயைத் திறந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வாயையும் அடைத்துவிட்டு, மற்றவர்கள் எல்லோரும் மரியாதையாக, அமைதியாக நின்றிருக்கிறார்கள். பெரியத்தாவிடம் போய் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. "நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்து எனக்கே புத்தி சொல்றியா?" என்றார். அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசுவதில்லை. அவருக்காகவும் துஆ கேட்கிறேன். அவர் இழந்த பிள்ளை என் தம்பிதானே.

பிள்ளைகளே, நான் இப்போது ஐந்து நேரமும் தொழுகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு வேண்டுதலுக்குப் பதில் கிடைத்தவன், பதில் கொடுத்தவனை மறந்துவிட்டுப் போக முடியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் தெருவில் யாராவது மாசமாக இருந்தால் அந்த வீட்டு ஆண்களிடம் வெட்கத்தை விட்டுப் போய்ப் பேசுகிறேன். தண்ணீர் உடைந்தால் நிறத்தைப் பாருங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கேட்டால் உடனே சொல்லுங்கள் என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். "ஏ.சி. பாய் இப்ப பிரசவம் பாக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று டீக்கடையில் ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும். கஸ்தூரி சிஸ்டர் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். ஆயிஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நான் இன்னாக்கா பண்ணேன், என் வேலைய பண்ணேன்" என்றார் அவர். என் துஆவுக்குப் பதிலாக அல்லாஹ் அனுப்பியது அந்தக் கையைத்தான் என்று நான் நம்புகிறேன். அவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

உங்களிடம் இரண்டு விஷயம் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு ஏதாவது ஆபத்து வரும்போது, அரபு வரவில்லையே, கையேந்த முடியவில்லையே என்று பயப்படாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த வார்த்தையில் கேளுங்கள். பம்மல் ரோட்டில், மழையில், சைரன் சத்தத்துக்கு நடுவில் நான் கேட்டதையே அல்லாஹ் ஏற்றுக்கொண்டான். இன்னொன்று. கேட்டுக்கொண்டே, உங்களிடம் யாராவது உதவி கேட்டால் அதையும் செய்யுங்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பது அடக்கம் என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் அடக்கம் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

யஹ்யாவுக்கு இப்போது ஒரு வயதும் இரண்டு மாதமும். பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நடக்கவில்லை. இடது காலைக் கொஞ்சம் விறைப்பாக வைக்கிறான். சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும் என்கிறார் டாக்டரம்மா. வேறு ஏதாவது இருக்கிறதா என்று அடுத்த மாதம் பார்த்துச் சொல்வதாகவும் சொல்லியிருக்கிறார். ஆயிஷா அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் அவள் பார்க்காதபோதுதான் அந்தக் காலைப் பார்க்கிறேன்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். சிறு பிள்ளைகளின் துஆவுக்குத் திரை இல்லை, நேராகப் போய்ச் சேரும் என்பார்கள். அடுத்த தடவை நீங்கள் கையேந்தும்போது ஸமீராவின் தம்பி நடக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள், பிள்ளைகளே.